நேர்முகத் தேர்வும் வாய்மை அணுவிரதமும்

நம் முன்னோர் காலத்தில் ஒருவன் தன்னைப் பிறருக்கு அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய தேவை பெரிதாக இருந்ததில்லை. ஊரில் பிறந்தான், ஊரார் கண்முன் வளர்ந்தான், உழவில் அவன் எத்தகையவன், கொடுக்கல் வாங்கலில் எத்தகையவன் என்பதை ஊரே அறிந்திருந்தது. இன்றோ நம் பிள்ளைகள் முன்பின் அறியாத நால்வர் எதிரில் அமர்ந்து, கால் மணி நேரத்திற்குள் தாம் யார் என்பதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அந்தக் கால் மணி நேரத்தை நம்பியே பெற்றோரின் கடனும், தங்கையின் திருமணமும், தன் எதிர்காலமும் நிற்கின்றன என்னும் எண்ணத்தோடுதான் ஒவ்வோர் இளைஞனும் அந்த அறைக்குள் நுழைகிறான்.

இந்நிலையில் நம் இல்லங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. "பிழைப்புக்காகச் சிறிது கூட்டிச் சொன்னால் என்ன? எல்லோருந்தாம் அப்படிச் சொல்கிறார்கள். நம் பிள்ளை மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னால் வேலை கிடைக்குமா?" என்பதே அது. கேட்பவர்கள் தீயவர்கள் அல்லர். பிள்ளையின்மீது கொண்ட அன்பினால் கேட்பவர்கள். எனவே இதனை எளிதில் ஒதுக்கிவிடாமல், நின்று விடை காண முயல்வது நம் கடமையாகும்.

அனுமந்தையில் கேட்ட கேள்வி

என்னுடன் ஆசிரியப் பணி செய்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் மரக்காணத்தை அடுத்த அனுமந்தையில் வாழ்ந்து வருகிறார். தை மாதத்தில் ஒருநாள் அவரைக் காணச் சென்றிருந்தேன். மழைக்காலம் முடிந்து உப்பளங்களில் பாத்திகளை மிதித்துச் சமன்செய்யும் வேலை நடந்துகொண்டிருந்த சமயம் அது. அன்று மாலை பக்கத்து வீட்டு இளைஞன் ஒருவன் கையில் ஓர் உறையுடன் வந்தான். வேதியியலில் பட்டம் பெற்றவன். தாயும் தந்தையும் உப்பளத் தொழிலாளர்கள். விடுமுறை நாள்களில் அவனும் அவர்களுடன் பாத்தியில் இறங்கி வேலை செய்து வளர்ந்தவன்.

புதுச்சேரிப் பக்கத்தில் ஒரு தனியார் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் பணிக்கு அவனுக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வந்திருந்தது. இரண்டு ஆண்டு அனுபவம் உடையவர்க்கு முன்னுரிமை என்று அதில் குறித்திருந்தது. தெரிந்தவர் ஒருவர் அவனுக்கு இரண்டு யோசனைகள் கூறியிருந்தார். ஒன்று, பணம் கொடுத்தால் வேறொரு நிறுவனத்தில் வேலை பார்த்ததாக அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவது. மற்றொன்று, தந்தையின் தொழில் என்ன என்று கேட்டால் 'உப்பு வியாபாரம்' என்று சொல்லிவிடுவது.

"சார், வியாபாரம்னு சொல்றது பெரிய பொய்யா? அந்த சர்ட்டிபிகேட்டு வாங்கறது தப்பா? நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்" என்றான்.

தவறு என்று சொல்லிவிடுவது எனக்கு எளிது. ஓய்வூதியம் பெறுபவன் வாய்மையைப் பற்றிப் பேசுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. விலை கொடுக்க வேண்டியவன் அவன். ஆகவே மறுநாள் காலை வரை அவகாசம் கேட்டுக்கொண்டேன். அன்றிரவு நான் எண்ணிப் பார்த்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

ஐந்து அதிசாரங்கள்

இல்லறத்தானுக்கு உரிய வாய்மை, துறவியின் மகாவிரதத்தைப் போன்று முழுமையானது அன்று, அணுவிரதமே ஆகும். சமந்தபத்திர ஆசார்யர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அதனை வரையறுக்கும் முறை நம் சிந்தனைக்கு உரியது. பெரும்பொய்யைத் தானும் பேசாமை, பிறரைப் பேசச் செய்யாமை, பிறருக்கு ஆபத்தை விளைவிக்கும் என்றால் உண்மையையும் சொல்லாமை என்பன அதில் அடங்கும். இவற்றுள் நடுவில் உள்ளதைப் பெற்றோர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். பொய் பேசுகிறவன் பிள்ளை. ஆனால் 'இப்படிச் சொல்லிவிடு' என்று முதல் நாள் இரவு கற்பிப்பவர் நாம் என்றால், விரதம் குலைவது நம்மிடத்திலேதான்.

உமாசுவாமி ஆசார்யர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவ்விரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினை எண்ணிக் காட்டுகிறார். பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட அப்பட்டியலை இன்றைய நேர்முகத் தேர்வு அறையில் வைத்துப் படித்தால், அந்த அறைக்காகவே வகுத்தது போல் தோன்றுகிறது.

முதலாவது மித்தியோபதேசம்; அதாவது தவறான வழியை நல்வழி என்று போதித்தல். பணம் வாங்கிக்கொண்டு பொய்யான விடைகளை மனப்பாடம் செய்விக்கும் 'பயிற்சியாளர்' இதில் வந்துவிடுகிறார். இரண்டாவது இரகோபியாக்கியானம், பிறருடைய அந்தரங்கத்தை வெளிப்படுத்துதல். "முன்பு வேலை பார்த்த இடத்தை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டவுடன், பழைய முதலாளியின் குடும்பச் சண்டை வரை அவிழ்த்துக் கொட்டுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்றாவது கூடலேகக் கிரியை. பொய் ஆவணம் புனைதல். அனுபவச் சான்றிதழ் பற்றி அந்த இளைஞன் கேட்டதற்கு நேரான விடை இங்கே இருக்கிறது. நான்காவது நியாசாபகாரம்; நம்பி ஒப்படைத்த பொருளில் அவர் மறந்த பகுதியை நாம் எடுத்துக்கொள்ளுதல். இது பணத்திற்கு மட்டும் உரியதன்று என்பது என் கருத்து. நான்கு மாணவர்கள் சேர்ந்து செய்த ஆய்வுத் திட்டத்தை "நான் செய்தேன்" என்று ஒருவன் சொல்லும்போது, அங்கே இல்லாத மூவரின் பங்கும் அவனிடம் வைக்கப்பட்ட அடைக்கலப் பொருளே அல்லவா? ஐந்தாவது சாகார மந்திர பேதம். பிறர் உள்ளக் கருத்தைக் குறிப்பால் உணர்ந்து அதனை வெளியிடுதல். பழைய நிறுவனத்தின் தொழில் இரகசியத்தைப் புதிய நிறுவனத்தாரிடம் சொல்லித் தன் மதிப்பை உயர்த்திக்கொள்ள நினைப்பவன் செய்வது இதனையே. அறிவுள்ள முதலாளி அவனை அப்போதே அளந்துவிடுவார். இன்று அவர்களுடையதைச் சொன்னவன் நாளை நம்முடையதையும் சொல்வான் அன்றோ?

தன் பெருமை பேசலாமா?

இவ்வளவும் கூறியபின் ஓர் ஐயம் எழும். நேர்முகத் தேர்வு என்பதே தன் பெருமையைத் தானே பேசுவதுதானே? தற்புகழ்ச்சியைக் கண்டிக்கும் நம் அறம் அங்கே எப்படிப் பொருந்தும்?

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில், பிறரை இகழ்தலும், தன்னைப் புகழ்தலும், பிறரிடம் உள்ள நற்குணத்தை மறைத்தலும், தன்னிடம் இல்லாத குணத்தை உள்ளதாகக் காட்டுதலும் நீசகோத்திர கர்மம் வந்து சேர்வதற்குக் காரணங்கள் என்று கூறப்பட்டுள்ளது. தன்னை உயர்த்திக் காட்ட முயல்பவன் தாழ்வையே சம்பாதிக்கிறான் என்பது இதன் கருத்து. ஆயினும் கேட்டவனுக்கு உள்ளதைச் சொல்வது வேறு, கேளாமலே இல்லாததைச் சொல்வது வேறு. வைத்தியர் நாடி பிடித்து "பசி எடுக்கிறதா?" என்று கேட்கும்போது, 'நன்றாகப் பசிக்கிறது' என்பது தற்புகழ்ச்சி ஆகாது. அவ்வாறே "இந்தக் கருவியில் வேலை செய்யத் தெரியுமா?" என்று கேட்கும்போது, தெரிந்தவன் தெரியும் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அடக்கம் என்று எண்ணிக்கொண்டு தலையைக் குனிந்து முணுமுணுப்பதும் உண்மையை மறைப்பதேயாகும். நம் பிள்ளைகளில் பலர் பொய் சொல்லிக் கெடுவதைக் காட்டிலும், உள்ளதைச் சொல்லக் கூசிக் கெடுகிறார்கள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

"உங்களிடம் உள்ள குறை என்ன?" என்பது இக்காலத்தில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி. "வேலையில் இறங்கினால் நேரம் போவதே தெரியாது, அதுதான் என் குறை" என்று விடை சொல்லச் சிலர் கற்றுத் தருகிறார்கள். குறையின் வேடம் அணிந்து வரும் தற்புகழ்ச்சி இது. "கணக்குகளை விரைவாகப் போட எனக்கு வருவதில்லை, ஆகையால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்ப்பேன்" என்பது உண்மையான விடை. குறையும் அதில் இருக்கிறது. குறையை உணர்ந்து அவன் செய்யும் முயற்சியும் இருக்கிறது.

இராமானுஜன் எழுதிய விண்ணப்பம்

வேலை தேடி அலைந்தவர்களுள் நம் தமிழ்நாட்டில் கணிதமேதை சீனிவாச இராமானுஜனை விடச் சிறந்த சான்று இல்லை. 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்த அவர், கணிதம் ஒன்றிலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டதனால் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டமின்றி வேலை தேடிய காலத்தில், 1910ஆம் ஆண்டில், நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் திருக்கோயிலூருக்கு வந்தார். அங்கே துணைக் கலெக்டராக இருந்தவர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் நிறுவிய வி. இராமசாமி அய்யர். அவர் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் பணி கிடைத்தால் போதும் என்பதே இராமானுஜனின் வேண்டுகோள். தாம் எழுதிய கணிதக் குறிப்பேடுகளை அவர் முன் வைத்தார். அவற்றைப் பார்த்த அய்யர், இத்தகைய அறிவை வருவாய்த் துறையின் கடைநிலைப் பணியில் அடைத்துவிட மனமின்றி, சென்னையில் உள்ள கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார்.

அவ்வாண்டின் இறுதியில் நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவைச் சந்தித்தார். ராவுக்கு முதலில் ஐயமே இருந்தது. பின்னர் குறிப்பேடுகளில் உள்ளவற்றை எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக இராமானுஜன் விளக்கக் கேட்டு ஐயம் நீங்கினார். "உமக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்விக்கு, ஆய்வைத் தொடரும் பொருட்டு உயிர்வாழப் போதுமான சிறு தொகை வேண்டும் என்பதே அவர் அளித்த விடை.

1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்திற்கு எழுத்தர் வேலைக்காக அவர் எழுதிய விண்ணப்பம் நம் பொருளுக்கு மிகவும் பயன்படுவது. மெட்ரிகுலேஷன் தேறியிருப்பதையும், எப்.ஏ. வரை படித்ததையும், சூழ்நிலைகளால் மேலே தொடர இயலாமற் போனதையும் அதில் கூறுகிறார். அதன்பின் தம் நேரம் முழுவதையும் கணிதத்திற்கே செலவிட்டு வருவதையும், இவ்வேலையைச் சரிவரச் செய்ய முடியும் என்னும் நம்பிக்கையையும் தெரிவிக்கிறார். அவ்வளவே. 'தோற்றேன்' என்ற சொல் அதில் இல்லை. எப்.ஏ. 'தேறினேன்' என்ற சொல்லும் இல்லை. தன் தோல்வியை நாலுபேர் முன் விரித்துரைக்க வேண்டும் என்று வாய்மை யாரையும் வற்புறுத்துவதில்லை. ஆனால் படிப்பவர் மனத்தில் பொய்யான எண்ணம் தோன்றும்படி ஒரு சொல்லும் எழுதக்கூடாது. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள ஒற்றையடிப் பாதைதான் இல்லறத்தானின் வாய்மை. 1912 மார்ச் 1ஆம் நாள் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அவர் அவ்வேலையில் சேர்ந்தார்.

மறு ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்திலும், தாம் துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஓர் எழுத்தர் என்பதையும், தம் ஆண்டுச் சம்பளம் 20 பவுன் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி தமக்கு இல்லை என்பதையும் முதலிலேயே தெரிவித்துவிட்டுத்தான் கணிதத்திற்குச் செல்கிறார். ஒன்றை மட்டும் மறைக்காமல் கூற வேண்டும். அக்கடிதத்தில் தம் வயது ஏறத்தாழ 23 என்று எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு 25 நிறைந்திருந்தது. காரணத்தை நாம் ஊகிக்க வேண்டா. பெரியோரிடத்தும் நாம் கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இது என்று பிரித்தறிவதே முறை.

தேர்ந்தெடுப்போர் அறம்

வாய்மை என்பது நாற்காலியின் ஒரு பக்கத்தில் அமர்ந்தவனுக்கு மட்டும் உரிய கடமையன்று. கேள்வி கேட்போரும் அறத்திற்குக் கட்டுப்பட்டவர்களே. தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்காக நடந்த நேர்முகத் தேர்வு பற்றிய பெரியகருப்பன் வழக்கில், மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75ஐ நேர்முகத்திற்கு ஒதுக்கியது மிகையாகத் தோன்றுகிறது என்று உச்ச நீதிமன்றம் 1970இல் கூறியது. 1980இல் தீர்ப்பளிக்கப்பட்ட அஜய் ஹாசியா வழக்கு சீநகரில் உள்ள பொறியியற் கல்லூரிச் சேர்க்கை பற்றியது. ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிடங்களே பேசி, பெற்றோரையும் ஊரையும் பற்றிய கேள்விகளையே கேட்டார்கள் என்பது அங்கே எழுந்த குறை. நேர்முகத்திற்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் ஒதுக்குவது நியாயமற்றது என்று அவ்வழக்கில் நீதிமன்றம் கருதியது. மைய அரசின் கீழ்நிலைப் பணிகள் பலவற்றிற்கு நேர்முகத் தேர்வே வேண்டா என்று 2016 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டதும் இத்தகைய ஐயங்களின் விளைவேயாகும்.

ஆட்சிப் பணித் தேர்வில் நேர்முகம் இன்றும் உண்டு. மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275 அதற்குரியது. அதில் ஆராயப்படும் பண்புகளைத் தேர்வாணையம் தன் அறிவிப்பில் வரிசைப்படுத்தும்போது, அறிவு நேர்மையையும் ஒழுக்க நேர்மையையும் சேர்த்தே கூறுகிறது. அது குறுக்கு விசாரணை அன்று, நோக்கமுடைய ஓர் உரையாடல் என்பதும் ஆணையத்தின் விளக்கம். உரையாடல் என்றால் அங்கே 'தெரியாது' என்னும் சொல்லுக்கும் இடம் உண்டு என்பது சொல்லாமலே விளங்கும்.

நம் சமூகத்தில் பள்ளி நடத்துவோரும், கடை வைத்திருப்போரும், தொழில் செய்வோரும் இருக்கிறார்கள். அவர்கள் ஆள் எடுக்கும்போது, முன்னமே ஒருவரை முடிவு செய்துவிட்டு மற்ற பத்துப் பேரைப் பேருந்துச் செலவு செய்ய வைத்து அழைப்பதும் பொய்யே என்பதை நினைவில் கொள்வார்களாக.

என் நெஞ்சில் உள்ள முள்

இதுவரை பிறரைப் பற்றிக் கூறினேன். இனி என்னைப் பற்றியும் சொல்லாவிட்டால் இக்கட்டுரையே ஒரு நடிப்பாகிவிடும்.

இளமையில் நான் ஒரு பள்ளியின் ஆசிரியர் பணிக்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்றபோது, "சாரணர் இயக்கத்தில் பயிற்சி உண்டா?" என்று கேட்டார்கள். ஒருநாள் முகாமுக்கு வேடிக்கை பார்க்கச் சென்றதைத் தவிர எனக்கு வேறு பயிற்சி கிடையாது. "உண்டு" என்றேன். அந்தச் சொல் வாயிலிருந்து வர ஒரு நொடிகூட ஆகவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது. வெளியே வராந்தாவில் என்னோடு காத்திருந்தவர் உண்மையிலேயே பயிற்சி பெற்ற சாரணர். அவர் சட்டைப்பையில் அதற்கான சான்று இருந்ததை நான் கண்டிருந்தேன். அவர் திரும்பிப் போனார். பின்பு அவரை நான் கண்டதில்லை. அவருக்கு வேறு நல்ல வேலை கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம்.

பணியில் சேர்ந்தபின் நூல்களைப் படித்துப் பயிற்சியும் பெற்றுக்கொண்டேன். நல்ல சாரண ஆசிரியர் என்று பெயரும் எடுத்தேன். அதனால் அந்தப் பொய் மெய்யாகிவிட்டதா? இல்லை. என் பொய் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகே அந்த வராந்தாவில் இருந்தவர் அடிக்கடி நினைவுக்கு வரலானார். நேர்முகத் தேர்வில் சொல்லும் பொய் காற்றில் கரைந்து போவதில்லை. அது பெயர் தெரியாத ஒருவருடைய பங்கைக் கவர்ந்து வருகிறது. வாய்மை விரதம் குலையும்போது கள்ளாமை விரதமும் உடன் குலைகிறது.

எப்படித் தயாராவது?

மறுநாள் காலை அந்த இளைஞனிடம் நூல்களின் பெயர்களைச் சொல்லவில்லை. என் கதையைத்தான் சொன்னேன். பிறகு மூவரும் அமர்ந்து அவனைத் தயார் செய்தோம். அதில் கண்ட சிலவற்றை நம் இளைஞர்களுக்குப் பயன்படும் என்று கருதிக் குறிக்கிறேன்.

முதலாவது, விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'இதைப் பற்றி மூன்று கேள்வி கேட்டால் விடை சொல்வேனா?' என்று எழுதிப் பார்க்க வேண்டும். சொல்ல முடியாத வரியைப் படித்துத் தெளிய வேண்டும். தெளிய முடியாவிட்டால் அடித்துவிட வேண்டும். அந்த இளைஞன் பொழுதுபோக்கு 'புத்தகம் படித்தல்' என்று எழுதியிருந்தான். கடைசியாகப் படித்த புத்தகம் எது என்று என் நண்பர் கேட்டார். அவன் சிரித்துவிட்டு அதனை அடித்தான்.

இரண்டாவது, செல்லும் நிறுவனம் என்ன செய்கிறது, அதில் தன் வேலை என்ன என்பதை முன்னதாகவே அறிந்துகொள்ள வேண்டும். இது தந்திரம் அன்று. விருந்தினராகப் போகும் வீட்டாரின் பெயரையாவது தெரிந்துகொண்டு போவதைப் போன்ற மரியாதை.

மூன்றாவது, வாய்விட்டுப் பேசிப் பழக வேண்டும். உண்மையைச் சொல்லவும் பயிற்சி வேண்டும். உள்ளத்தில் தெளிவாக இருப்பது நாவில் குழறுவதுண்டு. ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்திற்குள் விடை சொல்லி நிறுத்தப் பழகுதல் நன்று. கேட்டதற்கு விடை சொல்லாமல் தெரிந்ததையெல்லாம் சொல்வது பலர் செய்யும் பிழை.

நான்காவது, 'தெரியாது' என்று சொல்லப் பழக வேண்டும். இதுவே எல்லாவற்றினும் கடினம். எங்கள் முன் பத்து முறை சொல்லியும் அவனுக்கு அது தடுமாற்றம் இல்லாமல் வரவில்லை. தலை தாழாமல், சாக்குச் சொல்லாமல், "இது எனக்குத் தெரியாது, ஐயா" என்று சொல்லி அடுத்த கேள்விக்குக் காத்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, அன்று காலை சிறிது நேரமாவது தனித்திருந்து மனத்தை அமைதிப்படுத்திக்கொள்ள வேண்டும். சாமாயிகம் செய்யும் வழக்கமுள்ளவர்களுக்கு இதனைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தூய உடை போதும். அந்த இளைஞன் என் நண்பரின் மகனுடைய காலணியை இரவல் வாங்கி அணிந்து சென்றான். காலணி யாருடையது என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை. ஆகவே அதில் பொய்யும் இல்லை.

தந்தையின் தொழிலைப் பற்றி மட்டும் அவனே முடிவு செய்தான். "உப்பளத்துல வேலைன்னே சொல்லிடறேன் சார். அதைப் பத்திக் கேட்டா எனக்கு நல்லாவே தெரியும்" என்றான். அது உண்மை. கடல்நீர் ஏறத்தாழ மூன்று பாமே டிகிரி அளவில் இருக்கும். அது பாத்திபாத்தியாக வெயிலில் காய்ந்து 25ஐ எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். 29, 30க்கு மேல் விட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசக்கும், அதற்குமுன் அந்நீரை வெளியேற்றிவிட வேண்டும் என்று அவன் விளக்கியபோது நாங்கள் இருவரும் மாணவர்களைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தோம். புத்தகத்தில் படித்த வேதியியலுக்கும் பாத்தியில் மிதித்த வேதியியலுக்கும் உள்ள தொடர்பை அவன் அறிந்திருந்தான். எந்தச் செய்தியை மறைக்கச் சொன்னார்களோ அதுவே அவனுடைய சிறந்த தகுதியாக இருந்தது.

தேர்வின் முடிவு

சான்றிதழ் வாங்காமலே சென்று வந்தான். உப்பைப் பற்றிக் கேட்டார்களாம். நன்றாக விடை சொன்னானாம். ஆய்வுக்கூடக் கருவி ஒன்றின் பெயரைச் சொல்லி அதில் வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேட்டபோது, இல்லை என்றானாம். வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை.

வைகாசியில் மீண்டும் அனுமந்தைக்குச் சென்றேன். பாத்தி ஓரங்களில் உப்பு வெள்ளை வெளேரென்று குவிந்திருந்தது. வழியில் அவனுடைய தாயார் எதிர்ப்பட்டார். "நெசத்தச் சொல்லி என்னா கண்டான், வாத்தியாரய்யா? அந்த சர்ட்டிபிகேட்டு வாங்கியிருந்தா இந்நேரம் சம்பளம் வந்திருக்கும்" என்றார். கோபத்தோடுதான் கேட்டார். வெயிலில் வெடித்த அவருடைய பாதங்களைப் பார்த்தபடி நின்றேன். 'உண்மை சொன்னவன் ஒருநாள் உயர்வான்' என்று சொல்லியிருக்கலாம். அதற்கு என்னிடம் உறுதி ஏது? உறுதியில்லாததை உறுதியாகச் சொன்னால் அதுவும் ஒரு பொய்யே. "உங்கள் கோபம் நியாயந்தான் அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு நம் ஆகமம் கூறும் விடை கடினமானது. முள் நீங்கியவனே விரதி என்கிறார் உமாசுவாமி ஆசார்யர். அம்முட்கள் மூன்று: மாயை என்னும் வஞ்சனை, மித்தியாத்துவம் என்னும் பொய்க்காட்சி, நிதானம் என்னும் பயன் விழைவு. பொய் சொல்லி வேலை பெற்றவன் நெஞ்சில் முதல் முள் தைத்திருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அது வலிக்கும் என்பதற்கு நானே சாட்சி. ஆனால் 'உண்மை சொன்னால் வேலை கிடைக்கும்' என்று எண்ணி உண்மை சொல்பவன் நெஞ்சில் மூன்றாவது முள் இருக்கிறது. அவன் வாய்மையை விலைக்கு விற்கிறான். விலை படியாத அன்று அதனைக் கைவிட்டுவிடுவான். ஆகவே நம் பிள்ளைகளிடம் 'உண்மை சொல், வெற்றி கிடைக்கும்' என்று நாம் உறுதி கூற வேண்டா. 'நன்றாகப் படி, நன்றாகத் தயாராகு, உள்ளதைத் தெளிவாகச் சொல். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீ எங்கள் பிள்ளை' என்று சொல்வோம். கிடைக்காத காலத்தில் அவர்களைத் தாங்கி நிற்பதும் நம் பொறுப்பு. அந்தத் துணிவைப் பெற்றோர் தரவில்லை என்றால், பிள்ளையிடம் மட்டும் வாய்மையை எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது.

அன்று மாலை அந்த இளைஞன் பாத்தியிலிருந்து வந்தான். கால்களில் உப்பு படிந்திருந்தது. அந்தக் கருவியைப் பற்றிக் கல்லூரிப் பேராசிரியரிடம் கேட்டு, இரண்டு சனிக்கிழமை சென்று அதில் பழகி வந்ததாகக் கூறினான். இன்னோரிடத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. விண்ணப்பத்தின் நகலை என்னிடம் நீட்டினான். பழைய விண்ணப்பத்தில் இருந்த வரிகளே அதிலும் இருந்தன. தந்தையின் தொழில் என்ற இடத்தில் உப்பளத் தொழிலாளி என்று எழுதியிருந்தான். கருவியைப் பற்றிய இடத்தில், இரண்டு நாள் பழக்கம் என்று இருந்தது.

"ரெண்டு நாள்னு போட்டா குறைச்சலா தெரியுமா சார்?" என்று கேட்டான்.

"குறைச்சல்தான் தம்பி. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.